18 ஆயிரம் அடி உயரத்தில் இருந்து குதித்தவர் பிழைத்தது எப்படி?

1944-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி இரவு. ஜெர்மனி வானில் இங்கிலாந்து குண்டுவீச்சு விமானம் தீப்பற்றியது. துப்பாக்கி வீரர் நிக்கோலஸ் ஆல்கமேட் (வயது 21) பாராசூட்டை தேடினார். அதுவும் எரிந்து போச்சு! வெந்து சாவதை விட விழுந்து சாவதே மேல் என்று குதித்தார்.

காற்று தடுப்பதால், எவ்வளவு உயரத்தில் இருந்து விழுந்தாலும் மனிதனின் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோ மீட்டரோடு நின்று விடும். அதன்பின் ஆளைக் கொல்வது உயரம் அல்ல, "டக்"கென்று நிற்பதுதான்! நிற்கும் தூரம் இரட்டித்தால் அடியின் பலம் ஏறக்குறைய பாதியாகி விடும்.

சிமெண்டுத் தரை என்றால் ஆள் குளோஸ். பைன் மரக்கிளைகளும் பனிக்குவியலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குடித்தன. காலில் சுளுக்கு மட்டுமே!

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் நசுங்குவதும் இதற்காகத்தான்.