மேல்வீட்டுச் சத்தமும் வாடகை வீடும்

ஆட்டிசம் உள்ள குழந்தை குதிப்பதும் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்புவதும் குறும்பு அல்ல. பெரும்பாலும் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளும் வழி. தூக்கச் சிக்கலும் சேர்ந்தால் நள்ளிரவிலும் இது தொடரும். கான்கிரீட் தளம் அந்த அதிர்வை நேராகக் கீழ்வீட்டுக்குக் கடத்துகிறது. கதவை அடைத்துப் பயனில்லை. தடித்த ரப்பர் பாய் ஓரளவு தாங்கும். தரைத்தள வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. கீழ்வீட்டாரிடம் முன்பே நிலைமையைச் சொல்லிவைப்பதும் உதவும்.

புகார் வந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்வது கொடுமை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வெளியேற்ற வேண்டுமானால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாத குடும்பங்களே எளிதில் விரட்டப்படுகின்றன. சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அளிக்கிறது. அது பறிக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.