இணையவழி வகுப்புக்கு எவ்வளவு கேட்பது?

நான் முதன்முதலாக உழைத்த மாதத்தின் கணக்கு என் கொப்பியில் இப்படி இருக்கிறது. தரம் 6, 7 பிள்ளைகள் ஐந்து பேர். கணித பாடம். ஆளுக்கு மாதம் 500 ரூபா. வரவேண்டியது 2500, வந்தது 1500. டேட்டாவுக்கு 700, போட்டோக்கொப்பிக்கும் கடதாசிக்கும் 180. மிச்சம் 620 ரூபா. உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிப்பவள் என்பதால் அதோடு நிறுத்தாமல் நேரத்தையும் கூட்டிப் பார்த்தேன். வகுப்பு 8 மணித்தியாலம், ஆயத்தம் 8, பயிற்சி திருத்தியது 6, "மாமி, இந்த மாதக் காசு..." என்று வட்ஸ்அப்பில் எழுதுவதும் அனுப்பாமல் அழிப்பதுமாகப் போனது 2. மொத்தம் 24. 620 ஐ 24 ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 25 ரூபா 83 சதம். கடையில் ஒரு பிளேன்ரீ குடிக்கவும் அது போதாது.

எமது கல்லூரியில் இப்போது என்னைப் போலச் சின்னப் பிள்ளைகளுக்கு இணையவழியில் வகுப்பு எடுக்கும் மாணவிகள் சிலர் இருக்கிறார்கள். தொடங்க நினைப்பவர்கள் இன்னும் அதிகம். எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவு எடுக்கிறாய்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நான் பிழையாகப் பதில் சொன்ன விதத்தையும், பிறகு திருத்திய விதத்தையும் எழுதுகிறேன்.

தலைமன்னாரில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழில் ஏன் பொருந்தும் என்று விளக்கத் தேவையில்லை. நல்ல தனியார் வகுப்புகள் மன்னார் நகரில். அங்கே போய் வர 60 கிலோமீற்றர் அளவில் பயணம். வகுப்பு முடிந்து மக்ரிபுக்குப் பிறகு பஸ்ஸுக்கு நிற்க எந்த உம்மாவும் பெண் பிள்ளையை விடமாட்டார். எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனவர்களில் பலர் இன்னும் அங்கேதான். சாச்சிமார், மாமிமார், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் மாதிரி. வீதியால் போனால் அநுராதபுரத்தைச் சுற்ற வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் என்றால் பக்கத்து அறை.

முதலில் தொடங்குவதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பிறந்த, தந்தை வழியில் வங்காளதேசத்தவரான சல்மான் கான் 2004 இல் பொஸ்டன் நகரில் நிதித்துறையில் வேலை செய்துகொண்டிருந்தார். நியூ ஓர்லியன்ஸில் இருந்த அவருடைய மச்சாள் முறைப் பிள்ளை நாடியாவுக்கு அலகு மாற்றம் விளங்கவில்லை. கிலோமீற்றரை மீற்றராக்குவது போன்ற கணக்குகள்தான். தொலைபேசியிலும், கணினித் திரையில் இருவரும் எழுதக்கூடிய ஒரு பலகையிலுமாக அவர் சொல்லிக் கொடுத்தார். பிறகு வேறு உறவுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். நேரம் ஒத்துவராததால் 2006 இல் பாடங்களைப் பதிவு செய்து யூடியூபில் போட்டார். அதுவே பின்னர் கான் அகடமி ஆனது. இதில் எனக்குப் பிடித்தது கடைசியில் வந்த புகழல்ல, தொடக்கத்தின் அளவு. ஒரு பிள்ளை, ஒரே ஒரு விளங்காத இடம். நானும் புத்தளத்தில் இருக்கும் சாச்சியின் மகளுக்குப் பின்னங்கள் மட்டும் மூன்று வாரம் சொல்லிக் கொடுத்துத்தான் தொடங்கினேன். அந்த மூன்று வாரத்துக்குக் காசு வாங்கவில்லை. அது எனக்குப் பயிற்சி, அவளுக்குச் சோதனை.

கருவிகள் பெரிதாக இல்லை. ஒரு போன், அதை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பிஸ்கட் டின், வெள்ளைக் கடதாசி, தடித்த பேனை. கமரா கடதாசியைத்தான் பார்க்கும், என்னைப் பார்க்காது. உம்மாவின் பயம் பாதி அதிலேயே போய்விட்டது. மீதிப் பாதிக்கு நான் ஹோலில் இருந்து வகுப்பு எடுக்கிறேன்; தொடர்பு எல்லாம் தாய்மாரின் இலக்கத்தோடு மட்டும். ஸூமில் காசு கட்டாவிட்டால் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக அறுந்துவிடும். முதலில் மறுபடி மறுபடி இணைந்தோம். பிறகு 40 நிமிடத்தையே ஒரு பாடத்தின் நீளமாக்கினேன். 11 வயதுப் பிள்ளை திரையைப் பார்த்திருக்க அதற்கு மேல் நேரம் வேண்டாம் என்பதையும் அப்போது கண்டேன். சோளகக் காற்றுக் காலத்தில் சிக்னல் வெட்டும், சில நாள் மின்சாரமும் போகும். (தீவின் தென்கரையில் அத்தனை காற்றாலைகள் சுழல்கின்றன, நாங்கள் குப்பிவிளக்கைத் தேடுவோம்.) அந்த நாளுக்காக ஒவ்வொரு பாடத்தையும் நான்கு நிமிடக் குரல்பதிவும் ஒரு படமுமாக ஆயத்தம் செய்து வைத்திருப்பேன்.

இனிக் கட்டணம். நான் 500 என்று சொன்னதற்கு ஒரே காரணம், யாரோ அப்படி வாங்குவதாகக் கேள்விப்பட்டதுதான். அவர் 40 பிள்ளைகளை ஒரு கொட்டிலில் வைத்துப் படிப்பிப்பவர். என்னிடம் இருந்ததோ ஐந்து பிள்ளைகள். அவருடைய விலையை எடுத்துக்கொண்டேன், அவருடைய எண்ணிக்கையை எடுக்க முடியவில்லை.

இரண்டாவது பிழை, "எப்ப வேணுமென்டாலும் கேளுங்கோ" என்று தாய்மாரிடம் சொன்னது. 2005 இல் பெங்களூரில் கிருஷ்ணன் கணேஷ் என்பவர் ரியூற்றர்விஸ்ரா என்ற கம்பனியைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஒரு மணித்தியாலத் தனி வகுப்புக்கு 40 டொலருக்கு மேல் கேட்ட காலம். இந்திய ஆசிரியர்களைக் கொண்டு, மாதம் ஏறக்குறைய 100 டொலருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அவர் விற்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விலை நிற்பதற்கு இரண்டு கால்கள் வேண்டும். ஒன்று, படிப்பிப்பவர் இருக்கும் நாட்டின் சம்பளத்துக்கும் படிப்பவர் இருக்கும் நாட்டின் கட்டணத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம். தலைமன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையில் அப்படி ஒன்றும் இல்லை; அரிசி இரண்டு இடத்திலும் ஒரே விலைதான். மற்றது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஆயிரம் பேரில் பெரும்பாலோர் எல்லையில்லா வகுப்பை எல்லையில்லாமல் பயன்படுத்த மாட்டார்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் பயன்படுத்தினாலே நான் இஷாவுக்குப் பிறகும் கணக்குச் செய்துகொண்டிருப்பேன். ஒரு நாள் இரவு 11 மணிக்கு ஒரு பிள்ளை வீட்டுவேலை முழுவதையும் படமெடுத்து அனுப்பியிருந்தது. அடுத்த நாள் எனக்குக் கணக்கீட்டில் தவணைப் பரீட்சை. அமையச் செலவு என்று பொருளியலில் படிப்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு விலையைக் கீழிருந்து மேலே கட்டினேன். முதலில் என் நேரத்துக்கு ஒரு பெறுமதி. அதற்கு அளவுகோலாக உம்மாவின் தையலை எடுத்தேன். 600 ரூபா கூலிக்கு ஒரு சட்டை தைக்க அவருக்கு இரண்டு மணித்தியாலம் போகிறது. அப்படியென்றால் மணிக்கு 300. இருபது வருடம் தைத்த கைக்கு 300 என்றால் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாதம் எட்டுப் பாடம். ஆயத்தமும் திருத்தமும் சேர்த்து 15 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தினேன். கேள்விகள் சனிக்கிழமை காலையில் மட்டும். 15 ஐ 300 ஆல் பெருக்க 4500. செலவு, கொஞ்சம் கூட்டி, 1000. ஆக 5500 வரவேண்டும். ஐந்து பிள்ளைகள் எட்டுப் பாடம் என்றால் 40 இருக்கை. ஆனால் எல்லோரும் எல்லா நாளும் வரமாட்டார்கள், ஆகவே 36 என்று எடுத்தேன். 5500 ஐ 36 ஆல் வகுக்க 152 ரூபா சொச்சம். ஒரு பாடம் 150 ரூபா.

மாதக் கட்டணம் என்று கேட்காமல் பாடத்துக்கு இவ்வளவு என்று கேட்டதற்கு எங்கள் ஊரே காரணம். கடற்றொழில் செய்யும் வீட்டில் ஒன்றாந் திகதி என்று ஒன்று இல்லை. காற்று எழும்பினால் தொழில் இல்லை. இந்திய இழுவைப்படகுகள் வரும் நாள்களில் வலை அறுந்துவிடும் என்று பலர் கடலுக்குப் போவதில்லை. மீன் பட்ட கிழமையில் காசு இருக்கும், படாத கிழமையில் கடைக் கொப்பியில் கடன் ஏறும். முதல் மாதம் காசு தராத இரண்டு பேரும் ஏமாற்றவில்லை, நான் கேட்ட திகதி அவர்களுக்குப் பிழையான திகதி. இப்போது நான்கு பாடத்துக்கு ஓர் அட்டை, 600 ரூபா, முற்பணம். அட்டை முடிந்தால் அடுத்தது. கையில் இல்லாவிட்டால் ஒரு கிழமை விட்டு வரலாம். நாலு பாடத்துக்கு மேல் முற்பணம் நான் வாங்குவதில்லை. கேரளத்தைச் சேர்ந்த பைஜு ரவீந்திரனின் பைஜூஸ் கம்பனி 2022 இல் 22 பில்லியன் டொலர் பெறுமதி என்று சொல்லப்பட்டது. 2024 இல் வங்குரோத்து நடவடிக்கைக்குள் போனது. பெற்றோரைக் கடன் எடுக்க வைத்துப் பெரிய பாடத்தொகுதிகளை விற்றார்கள் என்ற முறைப்பாடுகள் அதற்கு முன்பே எழுந்திருந்தன. பிள்ளை படிப்பதற்கு முன் வாங்கிய காசு, படிப்பிப்பவருடைய காசு ஆகாது. என் கொப்பியில் முற்பணத்தைப் பொறுப்புப் பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

புதிய கட்டணத்தைச் சொன்ன கிழமை எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. ஒரு தாய் பிள்ளையை நிறுத்தினார். இன்னொருவர் மாதம் நாலு பாடம் போதும் என்றார். கஷ்டம் வந்தது சொந்தத்தில்தான். சாச்சி போன் எடுத்து என்னோடு கதைக்காமல் உம்மாவோடு கதைத்தார். "சொந்தப் புள்ளைக்கும் காசா ராத்தா?" இடம்பெயர்ந்து போன காலத்தில் எங்கள் குடும்பத்தை ஒரே குடிசையில் வைத்துப் பார்த்தவர்கள் சாச்சியின் வீட்டார். அதை உம்மா மறக்கவில்லை, நானும் மறக்க முடியாது. இரண்டு நாள் வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கப்படவில்லை. மூன்றாம் நாள் உம்மா தையல் மெஷினில் இருந்தபடியே, "நான் அவக்குத் தைச்சா கூலி தருவா. நூலுக்குக் காசு வேணுமென்டு அவக்கும் தெரியும். நீ கணக்கக் காட்டு" என்றார். கொப்பியைப் படமெடுத்து சாச்சிக்கு அனுப்பினேன். 25 ரூபா 83 சதத்தையும் சேர்த்துத்தான். பதில் இரவு வந்தது: "பாதி தாறன் மகள்." நான் சரி என்றேன். ஆனால் மற்றப் பாதியை மறைக்கவில்லை. தள்ளுபடி என்று எழுதி, அட்டைக்கு 300 என்று பதிந்தேன். நான் தெரிந்து கொடுத்தால் அது தள்ளுபடி. வெட்கத்தில் கேட்காமல் விட்டால் அறவிடமுடியாக் கடன். கணக்கீட்டில் இரண்டுக்கும் வெவ்வேறு பக்கம் உண்டு, மனதிலும் அப்படித்தான்.

இதே காரணத்தால் ஓர் இலவச இருக்கையையும் முதலிலேயே ஒதுக்கினேன். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை இருக்கிறாள். விடை வரும் முன்பே பிழையைக் காணும் பிள்ளை. வாப்பா கடலுக்குப் போய்ப் பல மாதம். அவளிடம் காசு கேட்கும் எண்ணமில்லை. ஆனால் ஐந்து பேர் கட்டினால் ஒருவர் இலவசம் என்று எண்ணிக்கையைக் கட்டிவிட்டேன். இரண்டாவது ஆளையும் சேர்த்தால் நான் 15 மணித்தியாலத்தைத் தாண்டுவேன், என்னுடைய பரீட்சை போகும். இரண்டாவதாகக் கேட்டு வந்த ஒருவருக்கு இல்லை என்று சொன்னேன். அது சரியா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

"கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இலவசம், கான் அகடமி இலவசம், உன்னிடம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் தரம் 7. எங்கள் வீட்டில் ஒரு போன், நாங்கள் மூன்று பிள்ளைகள். பாடங்கள் வந்து குவிந்தன, தொலைக்காட்சியிலும் வந்தன. எனக்கு விளங்கவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. பாடம் இலவசமாகக் கிடைக்கிறது, உண்மை. பிள்ளை "விளங்கிட்டு" என்று சொல்லும்போது குரலில் இருக்கும் தயக்கத்தைக் கேட்டு, "எங்க, நீ எனக்குச் சொல்லித் தா பாப்பம்" என்று கேட்கிற ஆள் கிடைப்பதில்லை. 150 ரூபா அதற்குத்தான். நான் அதைச் செய்யாத நாளில் அந்தப் பாடத்தை அட்டையில் வெட்டுவதில்லை.

சட்ட விடயம் சுருக்கமாக. 18 வயது ஆகும்வரை காசு உம்மாவின் கணக்குக்கே வருகிறது. சொந்தப் பெயரில் படிப்பிக்கும்வரை பதிவு வேண்டியதில்லை. "அகடமி" என்று ஒரு பெயர் வைத்து நடத்தினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். நான் பெயர் வைக்கவில்லை. பிள்ளைகள் "ராத்தாட கிளாஸ்" என்கிறார்கள்.

சென்ற மாதக் கணக்கு: வெட்டிய பாடங்கள் 36, வரவு 5400. சாச்சியின் அட்டை இரண்டுக்கும் தள்ளுபடி 600 கழிய 4800. செலவு 1000. மிச்சம் 3800, மணித்தியாலம் 15. மணிக்கு 253 ரூபா 33 சதம். உம்மாவின் தையலுக்கு இன்னும் 47 ரூபா குறைவு. நோன்பு காலத்தில் நேரத்தை லுஹருக்கு முன்னால் மாற்றினேன், யாரும் நிற்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம் வகுப்பு இல்லை என்று புதிய அட்டைகளின் பின்பக்கத்தில் இப்போதே எழுதிவிட்டேன்.