பச்சோந்திப் பெண்ணின் முதல் முட்டை

சேவல் இல்லாத வீட்டிலும் கோழி முட்டையிடும். அந்த முட்டையை அடைக்கு வைத்தால் குஞ்சு பொரிக்காது, கூமுட்டையாகிவிடும். இது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோழியைப் போலவே துணையைச் சேராமலும் முட்டையிடும் பிராணி ஒன்று உண்டு. அதுதான் ஏமன் பச்சோந்தி. கோழிக்கு முட்டையிடுவது அன்றாட வேலை. ஆனால் இந்தப் பச்சோந்திக்கு, அதிலும் இளம் பெண்ணுக்கு, அதுவே சில வேளை உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. ஏன் அப்படி?

மலைநாட்டுப் பிராணி

அரேபியத் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் ஏமன் நாடு இருக்கிறது. அங்கும், அதை அடுத்த சவூதி அரேபியப் பகுதிகளிலும் உள்ள மலைச்சரிவுகளில் செடிகொடிகளிடையே இது வாழ்கிறது. தலையில் கூம்பு போல் உயர்ந்த கொண்டை உண்டு. ஆணா பெண்ணா என்று அறிவது எளிது. ஆண் குஞ்சின் பின்னங்கால் குதியில் பிறக்கும்போதே சிறு முள் போன்ற புடைப்பு இருக்கும், பெண்ணுக்கு இராது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கூண்டில் வளர்ப்பவர்கள் ஏராளம்.

அந்த மலைகளில் மழைக்காலத்தில் பூச்சிகள் பெருகும். வறண்ட காலத்தில் அருகும். ஆகவே, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளும் வழக்கம் இதன் உடலிலேயே படிந்திருக்கிறது. தீனி நிறையக் கிடைத்து வெப்பமும் போதுமான அளவு இருந்தால், விரைவாக வளர்ந்து நிறைய முட்டைகளை உருவாக்கிவிடும்.

கூண்டில் நடப்பது என்ன?

கூண்டிலோ எந்நாளும் மழைக்காலம்தான்! வளர்ப்பவர் அன்போடு தினமும் வயிறு நிறையச் சிள்வண்டுகளைக் கொடுக்கிறார். விளக்கு வெப்பம் தருகிறது. இந்தச் செழிப்பைக் கண்டு, முழு வளர்ச்சி அடையுமுன்பே, 4 முதல் 6 மாத வயதிலேயே, உடல் முட்டைகளை உருவாக்கத் தொடங்குகிறது. ஆண் துணை வேண்டும் என்று அது காத்திருப்பதில்லை. ஒரே ஈட்டில் 20 முட்டையும் இருக்கலாம். 60, 70-க்கு மேலும் போகலாம்.

இத்தனை முட்டைக்கும் பொருள் எங்கிருந்து வருகிறது? ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்ததும், கல்லீரல் மஞ்சள் கருவுக்கான புரதத்தைத் தயாரிக்கிறது. இரத்தம் அதைச் சூலகத்துக்குச் சுமந்து செல்கிறது. அங்கே முட்டைக்கருக்கள் பருத்துப் பின்னர் முட்டைக் குழாய்க்குள் இறங்குகின்றன. குழாயில் அவற்றின் மேல் தோல் போன்ற ஓடு படிகிறது. இந்த வேலைகளுக்கெல்லாம் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து தேவை.

உணவில் கால்சியம் போதாவிட்டால் உடல் அதை எலும்பிலிருந்து எடுக்கும். இளம் பச்சோந்தியின் எலும்போ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே பணப்பையிலிருந்து இரண்டு செலவு! எலும்பு மெலிகிறது, எளிதில் வளைகிறது, முறிகிறது. தசைகள் சுருங்கி விரிவதற்கும் கால்சியம் வேண்டுமல்லவா? அது குறைந்தால், முட்டைகளை வெளியே தள்ள வேண்டிய குழாயின் தசைகளும் சோர்ந்துபோகின்றன.

வெளிவராத முட்டைகள்

இப்படி முட்டைகள் உள்ளேயே தங்கிவிடுவதை மருத்துவர்கள் டிஸ்டோசியா என்பார்கள். பலவீனம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. முட்டையிட இடம் இல்லாமல் போனாலும் இது நேரும். காட்டில் பெண் பச்சோந்தி மரத்திலிருந்து இறங்கி, ஈர மண்ணில் சுரங்கம் போலக் குழி தோண்டும். முட்டைகளை அங்கே இட்டு, மண்ணால் மூடி, மேலே மிதித்துச் சமன் செய்துவிட்டுப் போய்விடும். கூண்டுத் தரையில் மண்ணே இல்லையென்றால் அது என்ன செய்யும்? தரையில் அலைந்து திரியும், மூலைகளைப் பிறாண்டும், முட்டைகளை அடக்கி வைத்துக்கொள்ளும். மண் இருந்தாலும், தோண்டும்போது யாராவது எட்டிப் பார்த்தால் குழியை விட்டுவிடுவதும் உண்டு.

சில பெண்களுக்கு முட்டைக்கருக்கள் குழாய்க்குள் இறங்காமல் சூலகத்திலேயே பருத்து நின்றுவிடும். இரண்டுமே ஆபத்து. பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு சோர்ந்து கிடந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்ரே படத்தில் ஓடு படிந்த முட்டைகள் தெரியும். சில வேளை அறுவைச் சிகிச்சைதான் உயிரைக் காக்கும்.

அளவாக ஊட்டுவதே அன்பு

தடுக்க வழி உண்டா? உண்டு. குஞ்சாக இருக்கும்போது நன்றாகத் தீனி கொடுக்கலாம். முட்டைப் பருவம் நெருங்கும்போது அதைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சில பூச்சிகள் மட்டும் தர வேண்டும். வெயில் காயும் இடத்தின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். உடல் இதைக் "குறைந்த காலம்" என்று எண்ணிக்கொண்டு குறைந்த முட்டைகளையே உருவாக்கும். சில வேளை ஒன்றும் உருவாக்காது. பூச்சிகளின் மேல் கால்சியப் பொடி தூவ வேண்டும். புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் அவசியம். அந்தக் கதிர் பட்டுத்தான் தோலில் வைட்டமின் டி-3 உண்டாகிறது. அது இல்லாவிட்டால் உண்ட கால்சியம் உடலில் சேராது. சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது. நாலாம் மாதத்திலிருந்தே, 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய தொட்டி ஒன்றைக் கூண்டில் வைத்துவிட வேண்டும். தோண்டத் தொடங்கினால் துணியால் கூண்டை மறைத்துவிட்டு விலகிவிட வேண்டும்.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் இந்த விஷயம் தெரியும். விடலைக் கோழி உரிய எடையை அடையுமுன் முட்டையிடத் தொடங்கினால் அதற்குத் துன்பம் நேரும். அதனால்தான் வளரும் பருவத்தில் விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து வைக்கிறார்கள்.

நம் நாட்டுக் காடுகளிலும் தோட்டங்களிலும் வேறோர் இனப் பச்சோந்தி உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். என்றாவது ஒருநாள் பச்சோந்தி ஒன்று மரத்தை விட்டிறங்கி மண்ணைத் தோண்டுவதைக் கண்டால், அருகே போகாதீர்கள். தொலைவில் நின்று பாருங்கள். அந்தத் தாய்க்கு அப்போது வேண்டியவை இரண்டே: ஈர மண், கொஞ்சம் தனிமை.