மருந்தாகும் இசையும் நோயாகும் ஓசையும்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. அதை நடத்தும் ஸ்ரீ பாலாஜி வித்யாபீத் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், இசை சிகிச்சைக்கெனத் தனி மையம் ஒன்றை 2010-இல் தொடங்கியது. இசை சிகிச்சையைப் பாடமாகக் கற்பிப்பதும், அதன் பயனை ஆராய்வதும் அம்மையத்தின் பணிகள். பெருநகரங்களில்கூட அரிதான ஒரு துறை, நெல் விளையும் கிராமங்களுக்கு நடுவே வேரூன்றியிருக்கிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

இசையை நோயாளியின் அருகில் கொண்டு செல்வது தமிழருக்குப் புதிதன்று. போரில் புண்பட்ட வீரன் படுத்திருக்கும் வீட்டில் யாழும் பிற இசைக்கருவிகளும் முழங்க, காஞ்சிப் பண் பாடப்படுவதைப் புறநானூற்றின் 281-ஆம் பாடல் காட்டுகிறது. அன்று நம்பிக்கையாக இருந்ததை இன்றைய மருத்துவம் சோதித்துப் பார்த்து வருகிறது. அறுவை சிகிச்சையின்போது இசை கேட்ட நோயாளிகளைப் பற்றி எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 2015-இல் 'லான்செட்' இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி நிவாரணிகளின் தேவையும் குறைந்தது. ஆனால், அவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாள்கள் குறையவில்லை.

இசையால் எது முடியும், எது முடியாது என்பதை இந்த முடிவே சொல்லிவிடுகிறது. சீரான, மெதுவான தாளத்துக்கு மூச்சும் இதயத் துடிப்பும் இணங்கித் தணிகின்றன. கவனம் வலியிலிருந்து விலகுகிறது. வாய்விட்டுப் பாடும்போது வெளிமூச்சு நீள்வதால் உடல் மேலும் அமைதி கொள்கிறது. ஆயினும், இசை நோயின் மூலத்தை அகற்றுவதில்லை. இன்ன ராகம் சர்க்கரை நோயைப் போக்கும், இன்ன ராகம் இரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் என்று கைப்பேசிகளில் வலம் வரும் பட்டியல்களுக்குப் போதிய சான்று இல்லை. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இசை மருந்துக்குத் துணையாகலாமே தவிர, மாற்றாகாது.

இசை பயன் தருவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு என்று நான் கருதுகிறேன். ஒன்று, கேட்பவரின் விருப்பம். மற்றொன்று, ஒலியின் அளவு. இவ்விரண்டையும் மீறும்போது அதே பாடல் நோயாகிவிடுகிறது. வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்களில் ஆடி மாதத் திருவிழாவோ திருமணமோ எதுவாயினும், ஒலிபெருக்கி ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பாடுகிறது. பக்கத்து வீட்டில் இதய நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கலாம். பாட்டை நிறுத்தும் உரிமை அவர்களிடம் இல்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாடு, சமயம் சார்ந்த விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை அரசு விலக்கு அளிக்கலாம், அவ்வளவே. இரவுத் தூக்கம் தொடர்ந்து கெடுவது இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதால், இவ்விதிகளைச் சுகாதார விதிகளாகவே கொம்யூன் பஞ்சாயத்துகளும் காவல் துறையும் கருத வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. உறங்கப் போகும் முன் அரை மணி நேரம், தாமே தேர்ந்தெடுத்த மெல்லிசையைத் தணிந்த ஒலியில் கேட்கலாம். நினைவாற்றல் மங்கிய முதியவருக்கு அவரது இளமைக்காலப் பாடல்களை ஒலிக்கச் செய்யலாம். பெயர்களை மறந்தவர்கள்கூடப் பழைய மெட்டை நினைவில் வைத்திருப்பதுண்டு. காதொலிப்பான் அணிவோர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேட்பதைவிடச் சேர்ந்து பாடுவது ஒரு படி மேலானது. அது தனிமையையும் போக்குகிறது. நாற்று நடுகையில் குலவையிட்டு, நடவுப் பாட்டுப் பாடிய பெண்கள் பலர் இன்று முதுமையில் வீட்டுத் திண்ணையில் தனித்திருக்கிறார்கள். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாரம் ஒருமுறை அவர்களைக் கூட்டிப் பாடச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. இசை சிகிச்சையைக் கற்பிக்கும் நிறுவனம் அருகிலேயே இருப்பதால், வழிகாட்ட ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. சுகாதாரத் துறை ஒரு கிராமத்திலாவது இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.