மாத்திரை வீடு தேடி வருகிறது, தகவல் வருவதில்லை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகருக்கு மாத்திரை வாங்குபவருக்குக் காலில் புண் ஆறவில்லையென்றால், அரசுத் தலைமை மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருகிறார்கள். அங்கே புது ஓ.பி. சீட்டு, மறுபடியும் ரத்தப் பரிசோதனை. பெரிய டாக்டர் இன்சுலின் எழுதுகிறார். இந்த மாற்றம் ஊரிலுள்ள சுகாதார நிலையத்துக்குத் தெரியாவிட்டால், அடுத்த மாதமும் பழைய மாத்திரையே கைக்கு வரும். இரண்டையும் சேர்த்துப் போடுவதா, ஒன்றை நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவம் படிக்காத அந்த நோயாளிதான். இதில் எந்த டாக்டரும் தவறு செய்யவில்லை. இருவருக்கும் இடையில் பொறுப்பாக ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, தன்னார்வலர் வழியே மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம், பெரிய காரியம். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் குறித்து நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. இந்த நிலையை மாற்ற மாத்திரை மட்டும் போதாது. அது வேலை செய்கிறதா என்று விடாமல் பார்க்கவும் ஆள் வேண்டும்.

ஆள் பற்றாக்குறையில் இது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். கர்ப்பிணிகள் விஷயத்தில் இதே தமிழ்நாடுதான் நடத்திக் காட்டியிருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்து தரும் பிக்மி எண் கிடைத்ததிலிருந்து கிராம சுகாதாரச் செவிலியருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியும், பிரசவ தேதி தெரியும். செக்கப்புக்கு வராவிட்டால் தேடிப் போவார். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் சரியாகிவிடும் என்பது இன்னொரு வாதம். பிக்மியில் பதிவோடு சேர்த்து, அதைப் பார்த்துக் கதவைத் தட்ட ஒரு செவிலியரும் இருக்கிறார். பதிவு மட்டும் இருந்தால் அது யாரையும் விசாரிக்காது. நோயாளிகளே தனியார் கிளினிக், மெடிக்கல் ஷாப் என்று அலைகிறார்களே என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் போன இடத்திலெல்லாம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியவர், கூட்டம் குறைவான இடத்தைத்தான் தேடுவார். ஏற்கெனவே வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமிருந்தே தொடங்கலாம்: தலைமை மருத்துவமனையில் மருந்து மாறினால், அடுத்த மாத்திரைப் பொட்டலம் கட்டுமுன் அவருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் தகவல் போயாக வேண்டும். அதை அனுப்புவது இன்னாருடைய வேலை என்று பெயர் குறித்து அரசு உத்தரவு போடட்டும்.