பழைய மோட்டார் வண்டிக்கு ஏற்ற இஞ்சின் எண்ணெய்

கட்டை வண்டி ஓடிய காலத்தில் அச்சுக்கு மசகு இடாமல் எந்தக் குடியானவரும் சந்தைக்குப் புறப்பட்டதில்லை. வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் சக்கரத்தின் குடத்தினுள் தடவுவது வழக்கம். அச்சும் குடமும் ஒன்றையொன்று தின்றுவிடாதபடி அந்த மசகு இடையே நின்று காத்தது. மோட்டார் இஞ்சினுக்குள் ஊற்றப்படும் எண்ணெயின் முதல் வேலையும் இதுவேயாம். விளக்கெண்ணெய்க்கும் மோட்டாருக்கும் கூடப் பழைய உறவு உண்டு. 1909-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் வேக்பீல்டு கம்பெனியார் ஆமணக்கு நெய் கலந்த மசகெண்ணெய் ஒன்றைச் செய்து, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரையொட்டி அதற்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டனர். ஆனால் இஞ்சின் எண்ணெயின் பொறுப்பு வண்டி மசகினுடையதைக் காட்டிலும் பெரிது. உராய்வைத் தடுப்பதோடு, உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளவும், கரியையும் அமிலத்தையும் தன்னுள் இருத்தி அழுக்குப் படியாமல் காக்கவும் வேண்டியது அது.

தேனி ஜில்லாவில் பழைய கார் அல்லது ஜீப் வாங்குகிறவர்களுள் பலர், திராட்சையோ வாழையோ விற்ற பணத்தையாவது, நகையை அடகு வைத்துப் பெற்ற கடனையாவது கொண்டே வாங்குகின்றனர். கம்பம், உத்தமபாளையம், போடி முதலான பக்கங்களிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறும் ஜீப்புகளிலும் பழையவை மிகுதி. அத்தகைய வண்டியின் இஞ்சின் மலைப்பாதையின் நடுவில் இறுகி நின்றுவிட்டால், ஏறியிருந்த அனைவருக்கும் அன்றையக் கூலி போயிற்று. சொந்தக்காரருக்கோ இஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு, சில சமயம் வண்டியின் விலையில் பாதியை விழுங்கிவிடும். இறக்கத்தில் இஞ்சின் நின்றால் ஆபத்து இன்னும் பெரிது. பவர் பிரேக் உள்ள வண்டிகளில் இஞ்சினிடமிருந்து கிடைக்கும் துணை அற்றுப்போக, பிரேக் மிதி கல்லைப்போலாகிவிடும். இவ்வளவும் சில லிட்டர் எண்ணெயைப் பொறுத்த காரியமாயிருப்பதால், அதைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது சிரத்தை எடுத்துக்கொள்வது வீண் போகாது.

“வண்டி பழசு, கட்டியான ஆயில் ஊற்றுங்கள்” என்பது ஊர்தோறும் கேட்கும் யோசனை. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நெடுநாள் ஓடித் தேய்ந்த இஞ்சினில் பேரிங்குகளின் இடைவெளி அகன்றிருக்கும். இளகிய எண்ணெய் அவ்வழியே விரைந்து ஒழுகிவிட, அழுத்தம் குறையும். அப்போது ஒரு படி கட்டியான எண்ணெய் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் பத்து வருஷத்து வண்டியெல்லாம் தேய்ந்த வண்டியாகா. நன்றாகப் பராமரிக்கப்பட்டு 1,00,000 கிலோமீட்டர் ஓடிய இஞ்சின் உள்ளே நல்ல நிலையில் இருக்கக்கூடும்; அசட்டையாக ஓட்டப்பட்டது 40,000 கிலோமீட்டரிலேயே கெட்டிருக்கக்கூடும். ஆகையால் எண்ணெயைத் தீர்மானிக்க வேண்டியது வண்டியின் வயதன்று. தயாரிப்பாளரின் கைப்புஸ்தகம் முதலாவது சாட்சி. இஞ்சினின் நடத்தை இரண்டாவது சாட்சி.

டின்னின்மேல் 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்றவாறு காணப்படும் எண்கள் எண்ணெயின் பாகுத்தன்மையைக் காட்டுவன. 1905-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட எஸ்.ஏ.இ. என்னும் மோட்டார் இஞ்சினீயர்களின் சங்கம் 1911-ல் இம்முறையைத் தொடங்கியது. டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இடங்கொடுக்கும் என்பதைப் பற்றியது. 15டபிள்யூ எண்ணெய் சோதிக்கப்படுவது பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரி சென்டிகிரேடிலும், 20டபிள்யூ எண்ணெய் பூஜ்யத்திற்குக் கீழ் 15 டிகிரியிலுமாம். கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழிக் குளிரும் இதற்கு அருகில் வருவதில்லை. எனவே இந்நாட்டில் முதலெண்ணைவிடப் பின்னெண்ணே பெரிதும் கவனிக்கத்தக்கது. அது 100 டிகிரி சூட்டில் எண்ணெயின் கட்டியைக் காட்டுகிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 ஸென்டிஸ்டோக் வரையிலும், 40 என்றால் 12.5 முதல் 16.3 வரையிலும். ஆயினும் முதலெண்ணை அறவே தள்ளிவிடுவதும் சரியன்று. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது, எண்ணெய் மேலேறி வால்வுகளை எட்டும் வரையில் உலோகம் உலோகத்தோடு உராயும். அந்தச் சில வினாடிகளில் இளகிய எண்ணெயே முந்திக்கொள்கிறது.

சமீப காலத்துச் சிறு பெட்ரோல் கார்களில் இடைவெளிகள் குறுகியவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும், சங்கிலியை இறுக்கும் கருவியும் அவற்றுள் பலவற்றில் எண்ணெயின் அழுத்தத்தாலேயே வேலை செய்கின்றன. 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று குறிக்கப்பட்ட இத்தகைய இஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் எண்ணெய் நுண்ணிய துவாரங்களில் தாமதித்துச் செல்லும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். “பழைய வண்டிதானே” என்று செய்த உபகாரம் உபத்திரவமாக முடியும்.

பழைய வண்டி வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றுண்டு. புகையையும் சத்தத்தையும் மறைப்பதற்காக, விற்பதற்குச் சற்று முன்னே மிகக் கட்டியான எண்ணெயோ அதற்கென விற்கும் மருந்துகளோ ஊற்றிவைப்பது தரகர்களிடையே தெரியாத வித்தையன்று. ஆகையால் வண்டியைக் காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்த்தல் நலம். போய்ச் சேருமுன் யாரேனும் ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் அதன் காரணத்தைக் கேட்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அடியில் கரிய களிபோல் படிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அளவுக் குச்சியில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்பது பொருள். ஹெட் காஸ்கெட் போயிருக்கக்கூடும். எந்த எண்ணெயை மாற்றினாலும் அந்நோய் தீராது. மேட்டில் மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்குகளையும், இறக்கத்தில் மிதியை விட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால் வால்வு சீல்களையும் சந்தேகிக்க வேண்டும்.

வாங்கிய பின், முன்னவர் என்ன ஊற்றினார் என்ற விசாரணையை விட்டு, எண்ணெயையும் வடிகட்டியையும் ஒருங்கே மாற்றிவிடுவதே உத்தமம். கைப்புஸ்தகம் இல்லையென்றால் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் மாடலையும் வருஷத்தையும் சொல்லிக் கேட்டறியலாம். முதலில் புஸ்தகத்தில் கண்ட எண்ணையே ஊற்றி, சமதரையில் வண்டியை நிறுத்தி, குச்சியில் மேற்குறிக்குச் சரியாக அளவை வைத்து, 1,000 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். அளவு ஏறக்குறைய அப்படியே நின்றால் அந்த எண்ணெயே போதும். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை குறைவதைச் சில தயாரிப்பாளர்கள் பொறுக்கத்தக்கதென்று கூறுவர். ஆனால் அரை லிட்டர் குறைந்தாலே சொந்தக்காரர் விழித்துக்கொள்வது நல்லது. அப்போது புஸ்தகம் இடங்கொடுக்கும் வரம்புக்குள் ஒரு படி ஏறலாம். அதாவது 30-லிருந்து 40-க்கு. நேரே 50-க்குத் தாவுவது கூடாது. உள்ளே களி மிகுந்த இஞ்சினை வேகமான பிளஷிங் திரவத்தால் கழுவுவதும் அபாயம். பெயர்ந்த களி சேம்பரின் அடியிலுள்ள சல்லடையை அடைத்தால் பம்புக்கு எண்ணெய் எட்டாது. அதற்குப் பதிலாக 1,500 கிலோமீட்டரில் ஒருமுறையும், அதன்பின் சற்றுக் குறுகிய தவணையில் மறுமுறையும் எண்ணெய் மாற்றினால் அழுக்கு மெல்ல மெல்ல வெளிவரும்.

எண் சரியாயிருந்தால் மட்டும் போதாது. எண்ணெயின் ஜாதியும் பார்க்கத்தக்கது. பண்ணை வீடுகளில் பம்பு செட்டின் டீசல் இஞ்சினுக்கென்று எஸ்.ஏ.இ. 30 அல்லது 40 ஒற்றை எண் எண்ணெய், டிராக்டருக்கென்று ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கென்று ஒன்று எனப் பல டின்கள் ஒரே மூலையில் கிடக்கும். கார் வந்ததும் அவற்றில் மிஞ்சியதை அதற்குள் கொட்டுவது எளிதாகத் தோன்றும். ஏ.பி.ஐ. என்ற முத்திரைக்குப் பக்கத்தில் எஸ் என்று தொடங்கும் எழுத்துக்கள் பெட்ரோல் இஞ்சினுக்கும், சி என்று தொடங்குபவை டீசல் இஞ்சினுக்கும் உரியவை. எஸ்.என். வகுப்பு 2010-லும், எஸ்.பி. 2020-லும் ஏற்பட்டன, டீசலில் சி.எச்-4 1998-லும், சி.ஐ-4 2002-லும், சி.கே-4 2016-லும் வந்தன. பின்வந்த வகுப்பு பொதுவாக முன்னதன் இடத்தை நிரப்பும். முன்னது பின்னதன் இடத்தை நிரப்பாது. இரண்டு முத்திரையும் ஒருங்கே உடைய எண்ணெய்களும் உண்டாகையால் டின்னைத் திருப்பிப் படித்தால் சிக்கல் தீரும். ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்று குறித்த மோட்டார் சைக்கிள் எண்ணெய், கிளட்சும் எண்ணெயில் மூழ்கிய வண்டிகளுக்காகச் செய்யப்பட்டது. கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்சு வழுக்கக்கூடும். டிராக்டரின் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் உரிய எண்ணெயைக் கார் இஞ்சினில் ஊற்றுவதோ எவ்வாற்றானும் தகாது.

டர்போ இல்லாத பழைய டீசல் ஜீப்புகளுக்குப் பெரும்பாலும் நல்ல 15டபிள்யூ-40 டீசல் எண்ணெய் ஒத்துவரும். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்-6 விதி அமலுக்கு வந்தபின் விற்ற டீசல் கார்கள் வேறு விதமானவை. அவற்றின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்றுண்டு. எண்ணெயிலுள்ள உலோக உப்புக்கள் எரிந்து விடும் சாம்பல் அதில் நிரந்தரமாகத் தங்கி அடைத்துவிடும். ஆகையால் அவற்றிற்குச் சாம்பல் குறைந்த எண்ணெய், புஸ்தகத்தில் கண்டபடி ஏ.சி.இ.ஏ. சி-2 அல்லது சி-3 போன்ற குறியுடையது, வேண்டும். இவ்வண்டிகளில் குச்சியின் அளவு குறையாமல் ஏறினால் மகிழ்ச்சியடைய வேண்டாம். எரியாத டீசல் எண்ணெயோடு கலக்கிறது என்பதே அதற்கு அர்த்தம்.

இப்பிரதேசத்துக்கென்று இரண்டு விசேஷங்கள் உள. ஒன்று மலை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகையில் வண்டி சுமார் 3,000 அடி உயர்கிறது. பாரத்தோடு கீழ் கியரில் நெடுநேரம் ஓடுவதால் எண்ணெய் மிகவும் காய்ந்து இளகிவிடும். ஏறும்போது இஞ்சின் வேகமாகச் சுழல்வதால் குறை வெளியே தெரியாது. உச்சிக்கு வந்து நிறுத்தி, இஞ்சின் மெதுவாகச் சுழலும்போது எண்ணெய் விளக்கு சிமிட்டினால், அழுத்தம் போதவில்லை. உடனே இஞ்சினை நிறுத்தி அளவைப் பார்க்க வேண்டும். அளவு சரியாயிருந்தும் மறுபடி சிமிட்டினால் மெக்கானிக்கிடம் கருவி வைத்து அழுத்தத்தை அளக்கச் செய்தாலன்றி வெறும் கட்டி எண்ணெயால் மூடிமறைக்கலாகாது. மற்றொன்று காற்று. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே வீசும் காற்று தேனி, ஆண்டிபட்டிப் புறங்களில் புழுதியை வாரி இறைக்கும். காற்று வடிகட்டி கிழிந்தோ தளர்ந்தோ இருந்தால் அப்புழுதி எண்ணெயில் கலந்து அரத்தூள்போல் அறுக்கும். ஆனி முதல் ஆவணி வரையில் அவ்வடிகட்டியைத் திறந்து பார்ப்பது எண்ணெய் மாற்றுவதற்குச் சமானமான காவல்.

எண்ணெயைச் சில்லறையாக வாங்காமல் முத்திரை உடையாத டின்னாக, ரசீதுடன் வாங்குதல் வேண்டும். காலி டின்னை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாமல் குத்தித் துளையிட்டுப் போட்டால், அது மறுபடி போலி எண்ணெயோடு கடைக்கு வராது. துணியில் வடித்த பழைய எண்ணெய் கண்ணுக்குத் தெளிந்திருந்தாலும், அதில் கலந்திருந்த மருந்துகள் தீர்ந்துபோனவை.

வடித்த எண்ணெயைக் கரையான் வராதிருக்க மரத்தில் பூசுவதும், மாட்டுப் புண்ணில் தடவுவதும் சில இடங்களில் வழக்கம். அதில் உலோகத் துகளும் தோலுக்கு ஆகாத கரியும் கலந்திருப்பதால் இரண்டும் கூடாதவை. வாய்க்காலில் கொட்டுவது இன்னும் கெடுதி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் 18-ம் கால்வாய்த் தண்ணீரும் நெல்லுக்கும் தென்னைக்கும் போகிறவை. 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர வேண்டியது. எண்ணெய் மாற்றும் பணிமனையிலேயே அதை விட்டுவருவதும், வீட்டில் மாற்றினால் மூடியுள்ள டின்னில் பிடித்து அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் எளிய வழி.