மழை விட்ட மறுநாள் காய்கறிக் கன்றுக்கு என்ன தேவை?

ஐப்பசி, கார்த்திகையில் தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பழகிய காட்சிதான். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும். மழையில் நிமிர்ந்து நின்ற தக்காளிக் கன்றும் மிளகாய்க் கன்றும் மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். காலடியில் தண்ணி நிற்குது, செடியோ தாகத்தில் வாடுகிற மாதிரி நிற்குது. இது என்ன கணக்கு?

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் காற்று இருந்தால்தான் வேர் தண்ணியை உறிஞ்சி மேலே அனுப்ப முடியும். தண்ணி தேங்கி அந்தச் சந்துகள் அடைபட்டால், இருந்த காற்றை வேரும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதன்பிறகு வேர் வேலைநிறுத்தம்தான். மேகமூட்டமாக இருக்கிறவரை இலைக்குத் தண்ணி அதிகம் வேண்டாம், அதனால் சேதம் வெளியே தெரியாது. வெயில் வந்ததும் இலை கேட்கும், வேரால் கொடுக்க முடியாது. ஆக, கன்று வாடுவது வெயிலால் அல்ல, மூச்சுமுட்டிய வேரால்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சில இடங்களில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது. ஆனால் வருஷா வருஷம் நம் கன்றுகள் போவது அதில் இல்லை. சாதாரண மழை பெய்து, தண்ணி ரெண்டு மூணு நாள் பாத்தியிலேயே நின்று, அதற்குமேல் நாம் காட்டுகிற அவசரத்தில்தான் போகிறது.

அவசரம் என்றால்? இலை மஞ்சளாகுதேன்னு ஜீவாமிர்தமோ அமுதக் கரைசலோ குடம் குடமாக வேரில் ஊற்றுவது. நல்ல இடுபொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஈரம் சொட்டுகிற மண்ணில் சாணமும் வெல்லமும் போய்ச் சேர்ந்தால், அதைத் தின்னப் பெருகும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கிற காற்றையும் எடுத்துக்கொள்ளும். வேருக்கு இன்னும் கஷ்டம். அதேபோல, களை வந்துடுச்சேன்னு சேற்றில் இறங்கிக் கொத்துவதும் வேண்டாம். ஈர மண்ணில் மிதித்த இடம் காய்ந்தபின் கல் மாதிரி இறுகும்.

முதல் வேலை மண்வெட்டி வேலைதான். மழை பெய்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை, வாய்க்கால் வழியாக மட்டும் நடந்து, தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டித் தண்ணியை வெளியேற்றுங்கள். தண்டைச் சுற்றி மூடாக்கு ஒட்டிக் கிடந்தால் நாலு விரல் அளவு விலக்கிவிடுங்கள். காற்றில் ஆடிய கன்றின் அடியில் குழி விழுந்து அதில் தண்ணி நிற்கும். மண் கொஞ்சம் காய்ந்ததும் அந்தக் குழியை மூடி, மெதுவாக அழுத்திவிட்டு ஒரு குச்சி ஊன்றினால் போதும். சேறு தெறித்த இலைகளை நல்ல தண்ணி தெளித்துக் காலையிலேயே கழுவலாம். வெயில் கடுமையாக இருந்தால் ரெண்டு மூணு நாளைக்கு மேற்குப் பக்கம் தென்னங்கீற்றோ பனையோலையோ சாய்த்து வையுங்கள். இலை கேட்கும் தண்ணி குறைந்தால், வேருக்கு மீள அவகாசம் கிடைக்கும்.

பிறகு பொறுத்துப் பாருங்கள். மதியம் தொங்கிய கன்று மறுநாள் விடியற்காலையில் நிமிர்ந்து நின்றால் வேர் உயிரோடு இருக்கிறது. விடியற்காலையிலும் துவண்டே கிடந்தால், அதில் ஒன்றிரண்டை மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக, இழுத்தால் விறைப்பாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் அது தேறாது.

இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே திடீரென்று வாடினால் பாக்டீரியா வாடலா என்று சந்தேகப்பட வேண்டும். தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணியில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் இழை மாதிரி வடிந்தால் அந்த நோய்தான். அந்தச் செடியைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் திரும்ப நடாதீர்கள். மக்காச்சோளம் மாதிரி தானியப் பயிர் போடலாம்.

எல்லாக் கன்றுக்கும் தாங்கும் சக்தி ஒன்றில்லை. மிளகாய்தான் ரொம்பப் பூஞ்சை. தண்ணி தேங்கினால் முதலில் போவது அதுதான். தக்காளியின் இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளையும், பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் தண்டின் அடியில் வெள்ளை மொட்டுகளாகப் புதுவேர் விடும் குணம் அதற்கு உண்டு. மண் பொலபொலவென்று ஆனதும் அந்த இடம் மூடும்படி மண் அணைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். கத்தரி இவற்றில் கெட்டி. தைவானில் இருக்கிற உலகக் காய்கறி மையம், மழைக்காலத் தக்காளியைக் கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நடச் சொல்வது இதனால்தான். வெண்டை, பாகல், புடலை மாதிரி நேரடியாக விதைப்பவற்றில் பாதிக்குமேல் போயிருந்தால் காத்திருப்பதைவிட மறுபடி விதை ஊன்றிவிடுவதே லாபம். 35, 40 நாள் நாற்றங்காலில் இருந்த மிளகாய்க்கு அப்படி முடியாது, பட்டமே தவறிவிடும். அதனால் மிளகாய்ப் பாத்தியில்தான் முதலில் வடிகால் வெட்டணும்.

ஊட்டம் எப்போது கொடுப்பது? ஒரு பிடி மண்ணை உருட்டி, கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். அதுவரை வேரில் எதுவும் வேண்டாம். அதற்குமுன் கொடுக்கணும்னா இலைவழிதான். பஞ்சகவ்யா வழக்கமாக 10 லிட்டருக்கு 300 மி.லி. இளைத்த கன்றுக்கு அதில் பாதி போதும் என்பது என் கருத்து. நன்றாக வடிகட்டி, மாலையில் தெளியுங்கள். மண் உதிரும் பதம் வந்ததும் மேல்பொருக்கை லேசாகக் கிளறி, ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து செடியோரம் இடலாம். ஜீவாமிர்தம் அதற்கு அப்புறம்.

நாற்றங்காலில் நடப்பது வேறு. அங்கே நாற்று தரைமட்டத்தில் இற்று, கொத்துக்கொத்தாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்து ஈரம் தங்கினால் நிச்சயம் வரும், வந்தபின் சாய்ந்ததை மீட்க முடியாது. விதைக்கும்போதே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, 15 செ.மீ. உயர மேட்டுப்பாத்தியில் கலக்க விதையுங்கள். செம்மண்ணைவிடக் கரிசலில் மேடு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. நடவுக்கு வேண்டியதைவிடப் பத்தில் ஒரு பங்கு நாற்றைக் கூடுதலாகக் குழித்தட்டில் வளர்த்து, மாட்டுக்கொட்டகை ஓரமாக வெளிச்சம் படும் இடத்தில் கட்டில் உயரத்தில் வைத்திருங்கள். புயல் செய்தி வந்தால் தட்டை உள்ளே எடுத்து வைத்துவிடலாம். மழை விட்டதும் காலியான குழிக்கு அதே வயசு நாற்று கையில் இருக்கும், நாற்றுப்பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.